ஒரு சொம்புக் கூழும் ஒரு பச்சைக் கட்டமும்

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரித் தாளிலிருந்து வந்தது. என் மகள் கார்குழலி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முந்தைய நாள் எதைக் குடிக்கலாம், எது கூடாது என்ற பட்டியல். ஆறு வருடங்களுக்கு முன் இதே போன்ற தாள் அவள் அப்பாவுக்கும் வந்தது. அவரைக் கொண்டுபோன நோய் மகளுக்கும் வரலாம் என்பதால், நாற்பது தாண்டிய அவளையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவள் உள்ளே மருந்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்க, நான் எழுத உட்கார்ந்தேன்.

2

"குருசுக்குப்பத்துக் கடல் அன்று..." (வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை.)

"மில் மூடிய பிறகும் ராஜாங்கம் எதற்கும் அஞ்சாமல்..." (பொய். என் கணவர் ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்வார்.)

மூன்றாவது தொடக்கம் நின்றது:

"ஆடி ஞாயிறு. மறுநாள் ராஜாங்கத்துக்குப் பரிசோதனை. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் ஒரு சொம்பில் வாங்கி வந்து, 'அம்மன் கூழ வேணாம்னு சொல்லக் கூடாதுண்ணே' என்று நீட்டினாள். குடித்தார். மறுநாள் கேமராவில் கேழ்வரகுச் சேறுதான் தெரிந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். 'அம்மனே தடுத்துட்டா' என்றவர் போகவேயில்லை. ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது..."

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.)

3

கன்னியம்மாளை என்னால் நம்ப முடியவில்லை. முகமே இல்லாமல் நிற்கிறாள். ஒன்பதாவது முறையாகக் கழிவறைக்குப் போகிற வழியில் கார்குழலி என் தோளுக்கு மேல் குனிந்து படித்தாள்.

"எம்மா, நம்ம பக்கத்து வூட்ல கன்னியம்மான்னு யாரு இருந்தா?"

"கதைடீ."

"கதையா? அந்தக் கூழ ஊத்தனது நீதான?"

பேனாவை மூடினேன். [ஆம், நான்தான். பள்ளி நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தாளை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கூழைக் கொடுத்தேன்.]

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அப்பாதான். 'ஒங்கம்மா ஒரு சொம்பு குடுத்தா. அதுக்கு முன்னாடியே கோயிலாண்ட நின்னு ரெண்டு சொம்பு குடிச்சிட்டேன். அவகிட்ட சொல்லாத, கத்துவா'ன்னாரு."

"ஏண்டீ இவ்ளோ நாளா சொல்லல?"

"நீ அதப் பத்தி வாயே தொறக்கல. நா இன்னான்னு ஆரம்பிக்கறது? நவுரு, அவசரம்."

இறந்தவரோடு சண்டை போட முடியாது. இருந்தாலும், மூன்று சொம்பு!*

* நான் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அன்றைய பரிசோதனை கெட்டுத்தான் போயிருக்கும். இதை அடிக்குறிப்பில்தான் எழுத முடிகிறது.

4

திங்கட்கிழமை, மயக்கம் தெளிந்த மகளுக்கும் எனக்கும் டாக்டர் சிவசங்கரி பதிவைப் போட்டுக் காட்டினார். ஈரமான இளஞ்சிவப்புச் சுவர் நகர்ந்துகொண்டே இருந்தது. திடீரென்று ஓரிடத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. அங்கே என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"எங்க கண்ணும் சில நேரம் தாண்டிப் போயிடும்மா. அதுக்குத்தான் இப்ப கம்ப்யூட்டரும் கூடவே பாக்குது."

"அது இன்னா நோவுன்னு சொல்லிடுமா?" என்று கேட்டேன்.

"இந்த மிஷின் அதெல்லாம் சொல்லாது. இங்க பாருன்னு காட்டும், அவ்ளோதான். மிச்சம் எங்க வேலை."

சுருக்குக் கம்பி ஒன்று உள்ளே வந்தது. பச்சைப்பயறு அளவிருந்த முளையை வளைத்து, இறுக்கி, எடுத்துவிட்டது. வயிற்றில் கத்தி படவில்லை. சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்றார் டாக்டர்.

5

இன்று வியாழன். நாளை ரிப்போர்ட். கதைக்கு என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அ) ஒன்றுமில்லை என்று வருகிறது.

ஆ) மறுபடியும் வரச் சொல்கிறார்கள். கார்குழலி போகிறாள். (ராஜாங்கம் போகாத இரண்டாம் முறை அது. எழுதும்போதே மூச்சு லேசாகிறது.)

இ) எழுத மாட்டேன்.

எது என்று நான் சொல்லப்போவதில்லை. இங்கே பாருங்கள் என்று காட்ட ஒரு கட்டம் மட்டும் போடுகிறேன். நிரப்புவது உங்கள் வேலை.

[                    ]

அடுப்படியில் சொம்பு தேய்க்கிற சத்தம் கேட்கிறது. நாளை ஆடி வெள்ளி, கோயிலில் கூழ்.

"எம்மா, ரிப்போர்ட்ட வாங்கிக்கினு அப்பிடியே கூழும் வாங்கிக்கினு வந்துடறேன். ஒனக்கு ஒரு சொம்பு, எனக்கு ரெண்டு."