பொம்மை அல்ல

மேஜைமேல் மல்லாந்து கிடந்தது அந்த ரப்பர் உடம்பு. கையில்லை, காலில்லை, வாய் மட்டும் பாதி திறந்திருந்தது. சுங்க அலுவலகத்தில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு இன்னும் வரி முடிவாகலையா?" என்றாள் பக்கத்து மேஜை அக்கா. "பேசாம நீயே கட்டிக்க. சோத்துச் செலவு இல்ல, எதிர்த்தும் பேச மாட்டாரு."

அதன் கோப்பில் வரி வகையை எழுதவேண்டியவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போடவேண்டிய மேலதிகாரி இதைப் பொம்மை என்று எழுதச் சொல்கிறார். பொம்மையென்றால் வரி மும்மடங்கு. ஆனால், நின்றுபோன இதயத்தை அமுக்கி ஓடவைக்கப் பழக்கும் பயிற்சிக் கருவி இது என்று, இதே சரக்குக்குத் தீர்ப்பாயம் முன்பே சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். ஒவ்வொரு முறையும் பூட்டு பூட்டியேதான் இருந்திருக்கிறது.

மேலதிகாரி வந்து நின்றார். "இன்னுமா எழுதலை?"

"தீர்ப்பாயம் சொன்னது நம்மளையும் கட்டுப்படுத்தும் சார்."

"அதை எதிர்த்துத்தானே மேல போயிருக்கோம்?"

"போயிருக்கோம் சார். தீர்ப்புக்குத் தடை வாங்கலையே."

அக்காவின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எனக்கே சட்டம் சொல்லித் தர்றியாம்மா? மூக்கு இருக்கு, வாய் இருக்கு. சின்னக் குழந்தைகூட பொம்மைன்னுதான் சொல்லும். தண்ணியில்லாத காட்டுக்குப் போக ஆசையா?"

அவர் சொல்வதுதான் சரியோ என்று, பழக்கதோஷத்தில், ஒரு கணம் தோன்றியது. கூடவே அந்தப் பூட்டும் ஞாபகம் வந்தது. கோப்பை அவர் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி மேலே வைத்தாள்.

"நீங்களே இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். என் கை எழுதாது."

பேனாவை எடுத்தார். காகிதத்துக்கு மேலே அது சற்று நின்றது. பிறகு மேஜையில் உருண்டது.

"திமிரு! நாளைக்கு இந்தக் கோப்பு வேற மேஜைக்குப் போகும்."

"இன்னைக்கு என் மேஜையில இருக்கு சார்."

அவர் போனதும் அவள் 'பயிற்சிக் கருவி' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டாள்.

"மாப்பிள்ளைக்காக வேலையவே பணயம் வெச்சவ நீதான்டி" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

அவள் எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அந்த ரப்பர் நெஞ்சில் ஊன்றி, முழு பலத்தோடு அமுக்கினாள். சரியான ஆழத்துக்கு அமுக்கியதற்கு அடையாளமாக உள்ளே 'டிக்' என்றது. கையைத் தளர்த்தியதும், அமுங்கிய நெஞ்சு தானாக மேலெழுந்து வந்தது.