இடுப்பச் சாய்க்காத, செல்வா

சும்மா நிக்கறதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்கறவங்கள எங்க வீட்டு நடுக்கூடத்துல ஒரு நாள் நிக்க வைக்கணும். ஒரு கைய அரைவாசி தூக்கி, தலையச் சாய்ச்சி, எதையோ பாத்து அழப்போற மாதிரி நிக்கணும். மூக்குல ஈ வந்து உக்காரும், ஓட்டக் கூடாது. அப்ப தெரியும் அது வேலையா இல்லையான்னு.

எங்க வீட்டுக்காரரு பிலவேந்திரன் டிராயிங் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவரு. செஞ்சியச் சுத்தி இருக்கற நம்ம கோயிலுங்களுக்கு மாதா படம், சிலுவைப்பாதைப் படமெல்லாம் வரைஞ்சி குடுத்திருக்காரு. இந்த மனுஷனுக்கு மரம் வேணாம், பூ வேணாம். அம்மாம் பெரிய கோட்டைய ஊரு உலகமே வந்து போட்டோ புடிக்குது, இவரு அதுல ஒரு கோடு போட்டதில்ல. மனுஷ ஒடம்பு மட்டும்தான். பஸ்ஸுல தூங்கறவன் கழுத்து, நாத்து நடறவ முதுகு, டீ ஆத்தறவன் முழங்கை, இப்படியே போச்சு காலம். கல்யாணமான புதுசுல மண்டகப்பட்டுக்கு இட்டுக்கினு போனாரு. நான் புதுப் புடவை, தல நெறய பூவுன்னு ஆசையாப் போனேன். அந்தக் குகை வாசல்ல கல்லுல ரெண்டு காவக்காரங்க நிக்கறாங்க, அவங்க எதிர்ல நாள் முச்சூடும் குந்திட்டாரு. "பாரம் எந்தக் கால்ல இருக்குது பாரு, செல்வா"ன்னாரு. எனக்கு உசிரு போற பசி.

படத்துக்கு நிக்க ஆளுக்கு எங்க போறது? நான்தான். ஒரு ஊர்ல நான் மாதா. இன்னொரு ஊர்ல ஏசு மூஞ்சியத் தொடச்ச வெரோணிக்கம்மா. ஏசுவுக்குத் தீர்ப்பு சொல்லிட்டு பிலாத்து கை கழுவறானே, அது என் கை. சேவகன் காலும் என் காலுதான். ஆனா மூஞ்சி மட்டும் எதுலயும் என்னுது இல்ல. அத மனசுல இருந்து வரைஞ்சிடுவாரு.

"ஏன், என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?"னு ஒரு நாள் கேட்டுட்டேன்.

"காலைல ரேஷன் கடையில நீ சண்ட போடறத ஜனம் பாக்குது. சாயங்காலம் அதே மூஞ்சி முன்னாடி எப்படி முட்டி போடும்?"

நியாயந்தான், ஒத்துக்கறேன். "உன்ன உன் மூஞ்சியோட நிதானமா வரையணும். ரிடையர் ஆவட்டும்"னு அன்னைக்கே வாக்கு குடுத்தாரு. எனக்கு நகை மேல ஆசை இல்ல. அந்த ஒரு படம்தான் ஆசை. யாரோ ஒருத்தியா இல்லாம, நான் நானா இருக்கற படம்.

நிக்கறதுல ஒரு சொகமும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. நேரம் ஆவ ஆவ ஒடம்பு மரத்துப் போவும். அப்புறம் லேசாயிடும். ஜன்னல்ல ராஜகிரி மல தெரியும். வெயிலு ஒவ்வொரு பாறையா தொட்டுக்கினு கீழ எறங்கும். நான் இங்கதான் நிக்கறேன், ஆனா அங்க மேல நடந்துக்கினும் இருப்பேன். பாறைங்கெல்லாம் ஆளுங்களாத் தெரியும். முட்டியக் கட்டிக்கினு ஒருத்தி, குப்புறப் படுத்துக்கினு ஒருத்தன். அவங்களையும் யாரோ ஆடாதன்னு சொல்லிட்டு மறந்து போயிட்டாங்கன்னு தோணும். செத்துப்போன எங்கம்மா அவலூர்பேட்டை சந்தைக்குப் போற பாதையில வேகமாப் போவாங்க, கூப்ட்டா திரும்ப மாட்டாங்க. "போதும் செல்வா"ன்னு இவரு கொரல் கேட்டாதான் எறங்கி வருவேன். எறங்கினதும் காலு தரையத் தேடும்.

அந்தக் கனவுக்கு நடுவுலயும் ஒரு பேச்சு வந்து இடிக்கும். "இடுப்பச் சாய்க்காத, செல்வா." மாதாவா நின்னாலும் அதே பேச்சு, சேவகனா நின்னாலும் அதே பேச்சு. நான் எங்க சாய்ச்சேன்? நேராத்தான நிக்கறேன்னு சண்டைக்குப் போவேன்.

ரிடையர் ஆனாரு. நானும் ஒரு பச்சப் புடவையத் தனியா எடுத்து வச்சேன். அதுக்குள்ள கண்ணு போயிடுச்சு. பாண்டிச்சேரியில டாக்டரு எங்க பையன் லாரன்ஸுகிட்ட இங்கிலீஷ்ல நீளமா என்னமோ சொன்னாரு. அவன் என்கிட்ட, "நைனாவுக்குப் பார்வ கொறஞ்சிடுச்சிம்மா, திரும்ப வராது"ன்னு சுருக்கமா முடிச்சிட்டான்.

அதுக்கப்புறம் இவரு கரித்துண்டத் தொடல. அதக் கூட தாங்கிக்கிட்டேன். நான் எதிர்ல போயி நின்னா மூஞ்சியத் திருப்பிக்குவாரு, அதத்தான் தாங்க முடியல. சோறு போட்டா சுவத்தப் பாப்பாரு. பேசினா காலண்டரப் பாத்து பதில் சொல்லுவாரு. இருக்கற கொஞ்சம் பார்வையிலயாவது என்னப் பாக்கக் கூடாதா? அவ்ளோ அலுத்துப் போயிட்டனா? ஆத்திரம் ஆத்திரமா வரும். அடுப்பங்கரையில போயி அழுவேன்.

போன மாசம் ஒரு மத்தியானம். ரசத்த அடுப்புல வச்சிட்டு, பின்வாசல்ல நின்னு மலையப் பாத்துக்கினு இருந்தேன். எதையும் நெனைக்கல. வெயிலு பாறையில எறங்கிக்கினு இருந்துச்சு.

"ஆடாத"ன்னாரு.

பாம்போ கீம்போன்னு வெறச்சிப் போயிட்டேன். ஓரக் கண்ணால பாத்தா, மடியில பலகை, கையில கரித்துண்டு. மூஞ்சி மட்டும் காலண்டர் பக்கம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "காலண்டரப் பாத்து யார வரையறீங்க?"

"உன்னத்தான். நேராப் பாத்தா நீ இல்ல செல்வா. நடுவுல கருப்பா ஒரு ஓட்ட, அதுல வுழுந்துடற. வேற பக்கம் பாத்தாதான் ஓரத்துல இருக்கற."

பழக்க தோஷத்துல நிமுந்து நேரா நின்னேன்.

"இன்னாத்துக்கு நேரா நிக்கற? முன்ன நின்ன மாதிரி நில்லு."

"முன்ன எப்டி நின்னேன்?" நெசமாவே எனக்குத் தெரியல.

"எடது இடுப்பச் சாய்ச்சி. சின்ன வயசுல தம்பி தங்கச்சிய தூக்கிக்கினு திரிஞ்ச இல்ல, இன்னும் தூக்கிக்கினுதான் நிக்கற. கல்யாணத்துக்கு முன்ன பஸ் ஸ்டாண்டுல அத்தன கூட்டத்துலயும் அத வச்சிதான் உன்னத் தேடுவேன்."

"அப்புறம் எதுக்கு இத்தன வருஷமா சாய்க்காத சாய்க்காதன்னு உசிர வாங்கினீங்க?"

"சாய்ச்சா அது நீயாயிடும். மாதாவா இருக்க முடியாது."

இடுப்ப வுட்டேன், அது தானாப் போயி அது எடத்துல நின்னுச்சு. கரித்துண்டு காயிதத்துல ஒரசற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. மலைக்குப் போனேன். இந்த வாட்டி பாறைங்க நடுவுல எங்கம்மா நின்னு திரும்பிப் பாத்தாங்க. உள்ள ரசம் பொங்கி அடுப்புல வழியற சத்தம் கேட்டுச்சு. வழியட்டும்னு வுட்டுட்டேன்.

பக்கத்து வீட்டு அமலா கருவேப்பில கேட்டுக்கினு உள்ள வந்தா. கோயில்ல மாதா படத்துக்கு முன்னாடி வாராவாரம் முட்டி போடறவ. அந்த ஒடம்பு என்னுதுன்னு இன்னைக்கி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு மடியில இருந்த காயிதத்த எட்டிப் பாத்தா.

"அட, அக்கா நிக்கறாங்க"ன்னா.

நானும் போயிப் பாத்தேன். ஒரு பொம்பள நிக்கறா. மூஞ்சி இருக்கற எடத்துல வெள்ளக் காயிதம்தான்.

"மூஞ்சியே இல்ல, அது நான்னு எப்டிடி சொல்ற?"

"மூஞ்சி எதுக்குக்கா? நீங்க நிக்கறது எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்லிட்டு, கருவேப்பில கிள்ளப் போயிட்டா.

"மூஞ்சி வரல செல்வா. குடுத்த வாக்கக் காப்பாத்தல"ன்னாரு இவரு.

"வெள்ளையாவே இருக்கட்டும்"னேன். நகந்து அவரு எதிர்ல போயி, இடுப்பச் சாய்ச்சிக்கினு நின்னேன்.

அவரு மெதுவா மூஞ்சியத் திருப்பி, காலண்டரப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாரு. நான் ஆடாம நின்னேன்.