இரண்டு பசுக்களுக்கும் ஒரு தறிக்கும் நடுவே

கனடாவில் கிரஹாம் மக்காஸ்கில் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஆறு தலைமுறைக்கு முந்தைய தன் மூதாதையின் கதையைத் தோண்டி எடுத்துப் புத்தகம் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையால் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இப்போது அது அவர் மேல் இல்லை என்பதுதான் கொடுமை.

எங்கள் ஆபீஸ் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கிறது. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். வெளிநாட்டுக்காரர்களின் கப்பல் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு, உயில் எல்லாம் படமாக வரும். இருநூறு, முந்நூறு வருஷத்துக் கோழிக்கிறுக்கலை வாசித்து டைப் செய்வது எங்கள் வேலை. யாராவது கேட்டால் டேட்டா என்ட்ரி என்று சொல்லி முடித்துவிடுவேன். செத்துப்போன வெள்ளைக்காரர்களோடுதான் நாள் முழுக்கக் குடித்தனம் என்றால் யார் நம்பப் போகிறார்கள்?

இதில் ஒரு முறை உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்வோம். ஒருத்தி நான், மற்றவள் ஷெமி. இரண்டும் அச்சாக ஒத்துப்போனால் பக்கம் தானாக மூடிவிடும். ஒரு வரி வித்தியாசப்பட்டாலும் மேனேஜர் சத்தியதாஸ் சாரின் திரையில் சிவப்பாக வந்து நிற்கும். இரண்டில் எது சரி என்று அவர் அமுக்கினால்தான் பக்கம் நகரும். ஆகவே இரண்டு பேரும் ஒன்றுபோல ஒரு வரியை விட்டுவிட்டால், அப்படி ஒரு வரி இருந்ததே இல்லை.

டாக்டரின் மூதாதை பெயர் நீல் மக்காஸ்கில். ஸ்காட்லாந்தில் ஸ்கை என்ற தீவில் குத்தகை விவசாயி. குத்தகையை ஏற்றினார்கள், தாங்க முடியாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வழியில் கடைசிப் பையன் காய்ச்சலில் செத்தான். கப்பல் பட்டியலில் அவன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதை டைப் செய்த அன்று நான் பாத்ரூமில் போய் அழுதேன். அப்புறம் அங்கே ஜனங்கள் ராஜாவை எதிர்த்துச் சண்டைக்குக் கிளம்பியபோது, இந்த மனுஷர் ராஜா பக்கம் நின்றார். அப்படி நின்றவர்களை லாயலிஸ்ட் என்பார்கள். ராஜா தோற்றார், இவர் நிலம் போயிற்று. வடக்கே நோவா ஸ்கோஷியாவுக்கு ஓடி, பனியில் மரம் வெட்டி, மறுபடியும் முதலிலிருந்து பிழைத்தார். இரண்டு மாதம் அவரோடு கூடவே நடந்தேன். அவருடைய கையெழுத்து எங்கள் வீட்டுச் சித்தப்பாவின் கையெழுத்து மாதிரி பழகிப்போயிற்று. நல்ல மனுஷன் என்று ஷெமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

நஷ்டஈடு கேட்டு அவர் சத்தியம் செய்து கொடுத்த பட்டியல் அடுத்து வந்தது. பறிபோன சொத்துகள். நிலம், வீடு, குதிரை. இரண்டு கறவைப் பசுக்கள். அதற்குக் கீழே, பெபே என்ற கறுப்பினப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையுடன். அதற்கும் கீழே ஒரு தறி.

அந்த வரியை நாலு தடவை வாசித்தேன். வேதப் புத்தகத்தில் பெபேயாள் என்று வருமே, அந்தப் பெயர்தான். எங்கள் சபையிலும் அந்தப் பெயரில் ஒரு அக்கா இருக்கிறாள், பாட்டு நன்றாகப் பாடுவாள். குழந்தைக்குப் பெயர்கூட எழுதியிருக்கவில்லை. எவன் பிள்ளைக்காக நான் அழுதேனோ, அந்த மனுஷன் வேறொருத்தியின் பிள்ளையைத் தறிக்கு மேலே ஒரு சாமானாக எழுதியிருக்கிறான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஷெமியும் பார்த்தாள், டைப் செய்தாள். பக்கம் டாக்டருக்குப் போயிற்று.

இரண்டு நாளில் மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். எங்கள் உழைப்பைப் பார்த்துக் கண்கலங்கினாராம். ஜூலையில் குடும்பத்தில் எல்லாரும் கூடும்போது பேரப்பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுக்கப் போகிறாராம். அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம், மூதாதையின் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தார். சத்தியதாஸ் சார் எங்கள் இரண்டு பேரிடமும் வந்து, வரியை விட்டுவிட்டுப் பக்கத்தைத் திரும்ப டைப் செய்யச் சொன்னார்.

ஷெமி விட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன, மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிகிறது. எனக்கும்தான் முடிகிறது. நான் அந்த வரியை முதலில் இருந்தபடியே ஒரு எழுத்துக் குறையாமல் அடித்து அனுப்பினேன். சேச்சி, வேண்டாம் என்று ஷெமி முணுமுணுத்தாள். அதற்குள் பக்கம் சிவந்து சாரின் திரைக்குப் போயிருந்தது.

சத்தியதாஸ் சார் நெய்யாற்றின்கரைக்காரர். அதிர்ந்து பேசாத மனுஷர். கதவைச் சாத்தச் சொன்னார். காசு கொடுக்கிறவன் வேண்டாம் என்கிறான், அவன் வீட்டுப் புத்தகத்தில் நமக்கென்ன என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பசு நிக்கலாம், தறி நிக்கலாம். அவ மட்டும் நிக்கக் கூடாதா சார்? ஒரு மனுஷியை ரெண்டாம் தடவையும் விக்கதுக்கு நம்ம கையா கெடச்சுது?"

வெளியே ஷெமிக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். வேலை போனால் போகட்டும், இந்த வரி பக்கத்தில் ஏறாமல் நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது இந்த ஒரு வரிதான், அதையும் பேரப்பிள்ளைகள் கேக் தின்பதற்கு இடைஞ்சல் என்று துடைக்கிறார்கள், நாம் துணி எடுத்துக் கொடுக்கிறோம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.  நான் மூச்சு வாங்கியபோது அவர் கேட்டார்.

"உங்க சபைக்க நூற்றாண்டு மலரு நீயாக்கும் டைப் செய்தது, இல்லியா?"

ஆமாம் என்றேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பா அப்போது சபைச் செக்ரட்டரி. கம்ப்யூட்டர் படித்த மகள் வீட்டில் சும்மா இருந்தாள், என்னிடம் கொடுத்தார்.

"இடம் குடுத்தவன், கல்லு சொமந்தவன், மணி அடிச்சவன், எல்லாவனும் அதில உண்டு. குழி வெட்டினவன் மட்டும் இல்ல. நாப்பது வருசம் உங்க ஆளுகளுக்குக் குழி வெட்டினது எங்க அம்மைக்க அப்பனாக்கும். அம்மை அந்த புக்கை வாங்கிட்டு வந்து மூணு தடவை தேடினா."

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். அவருக்கு எங்கள் ஊரில் சொந்தம் இருப்பதே அன்றுதான் தெரியும்.

"பேரு தெரியுமா?"

தெரியவில்லை. என் தாத்தாவுக்குக் குழி வெட்டியவர், என் பாட்டிக்கு வெட்டியவர். சின்ன வயதில் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாகத் தலையில் துண்டு கட்டி நிற்பார், நாங்கள் பாட்டுப் பாடி முடிக்கும்வரை. முகம்கூட மங்கலாக வருகிறது. பெயர் வரவில்லை.

அவர் திரையைப் பார்த்துத் திரும்பினார். என் பக்கத்தை அமுக்கினார். சிவப்பு போய்விட்டது. மூலத்தில் உள்ளதை நீக்க எங்களுக்கு அனுமதியில்லை என்று டாக்டருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினார். ஜெயித்தவள் நான்.  குழி வெட்டியவர் பெயரென்ன சார் என்று கேட்டேன்.

"தேடிக் கண்டுபிடி. அந்த ஜோலிக்காக்கும் உன்னை இங்க வச்சிருக்கது."

மாடிப்படிக்கு வந்து அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். நம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர் பெயர் என்ன என்றேன். குழிவெட்டிக்கு என்ன பெயர், குழிவெட்டிதான் என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கனடாவிலிருக்கும் அந்தப் பல் டாக்டர் உங்களைவிட யோக்கியன், அவனாவது வெட்கப்பட்டு மறைத்தான் என்று கத்தினேன். படியேறி வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். மலரில் அந்த மனுஷன் பெயரை எழுத உங்களுக்குக் கை கூசியதா என்று கேட்டேன்.

அப்பா சொன்னார்.

"நான் எழுதினேன் மக்கா. நான் குடுத்த லிஸ்டில அவன் பேரு இருந்து. கமிட்டி வேண்டாம்னு சொல்லிச்சு, நீ அந்த வரியை எடுத்துப் போட்டே. எனக்கு வயசாச்சு, மறந்து போச்சு. உனக்குமா ஓர்மை இல்ல?"

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அந்தப் பக்கத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இடம் கொடுத்த தாசையன் வருகிறார், கல் சுமந்த ராஜையன் வருகிறார், மணி அடித்தவரும் வருகிறார். அவர்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை.