இறக்கத்துக்கு ஒரு கட்டை

“மிதிங்க… உடுங்க… மிதிங்க…”

பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் செங்கோடனின் குரல் மட்டும் வெளியே வந்தது. டிரைவர் உபகாரசாமி காலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

“இந்நேரம் சைக்கிள மிதிச்சிருந்தா சேலமே போயிருப்பனுங்க.”

பட்டாளம் ஏலம் விட்ட லாரிக்கு மரக்கூண்டு கட்டிப் பஸ்ஸாக்கியிருந்தார் முதலாளி. எஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சி, பிரேக்குக்குப் பலம் கூட்டும் டப்பா ஒன்று அதில் இருந்தது. கட்டைவிரலால் தொட்டாலே வண்டி நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். ஆனால் சேந்தமங்கலம் போகும் இறக்கத்தில் உபகாரசாமி எழுந்து நின்று மிதித்தாலும், நிறுத்தம் தாண்டிப் புளியமரத்தடியில்தான் நின்றது. “வண்டியில குத்தமில்லீன்னா உன்ற கால்லதான். நாளைக்கு வேற டிரைவரு” என்று சொல்லிவிட்டார் முதலாளி.

எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய் நெடுகப் பீடிப் புகையை ஊதினார் செங்கோடன். வெடிப்பிருந்தால் புகையை உள்ளே இழுக்கும். எங்கும் இழுக்கவில்லை.

“டப்பா கல்லுக்குண்டாட்டம் இருக்குதுங்க.”

“அப்ப என்ற காலக் கழட்டிப் பாருங்க. அதுவும் பழைய மாடலுதான், ஸ்பேர் கெடைக்காது.” உபகாரசாமி சிரித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை.

அந்நேரம் புளி விற்கும் குஞ்சம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, இன்னிக்காச்சும் எறங்குற எடத்துல நிறுத்துவீங்களா? நேத்தும் மரத்தடியிலிருந்து திரும்பி நடந்தேன்.”

“முன்னாலயே கொரல் குடுக்கறதுதானே அம்மிணி?”

“எங்க குடுக்க? எறக்கம் வந்தா எஞ்சின அணைச்சுப் போடறீங்க. சத்தம் நின்னதும் தொட்டில்ல போட்டாப்பல கண்ணு சொக்கிருது. சத்தத்தோட போற எடத்துலயெல்லாம் நல்லாத்தான் நிறுத்தறீங்க.”

செங்கோடன் அடியிலிருந்து எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டார். “எறக்கத்துல எஞ்சின அணைக்கறீங்களா?”

“பெட்ரோலு ரேசனுங்களே. மொதலாளி உத்தரவு.”

“இப்ப அணைச்சுட்டு மிதிங்க.”

முதல் மிதி வெண்ணெயாக இறங்கியது. அடுத்தது பாதியில் நின்றது. அதற்கடுத்தது அம்மிக்கல்.

“எஞ்சின் நின்னா உறிஞ்சறதுக்கு ஆளேதுங்க?” என்றார் செங்கோடன்.

உபகாரசாமி காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். “என்ற ஊட்டுக்காரி செல்வமேரி ராவெல்லாம் இதுக்கு வெளக்கெண்ண தேச்சாளே! அந்த எண்ணெய டாங்கியில ஊத்தியிருந்தாலும் வண்டி எறக்கத்துல ஓடியிருக்கும்.”

குஞ்சம்மாள் உட்பட மூவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

முதலாளி வந்து எல்லாவற்றையும் கேட்டார், தானே ஏறி மிதித்தும் பார்த்தார். “செரி, வேலை உனக்குத்தான்” என்றார். பிறகு யோசித்துவிட்டு, “நான் ஏறுற அன்னிக்கு எஞ்சின அணைக்காதே” என்றார்.

மறுநாள் டிரைவர் சீட்டுக்கடியில் புதிதாகச் செதுக்கிய கருவேலங்கட்டை ஒன்று இருந்தது.

இறக்கம் வந்தது. உபகாரசாமி முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி இல்லை. எஞ்சினை அணைத்தார். குஞ்சம்மாளின் தலை மெல்லச் சாய்ந்தது. கண்டக்டர் பெரியசாமி கட்டையைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் அதைப் போட, ஒரு காலைப் படிக்கு வெளியே தொங்கவிட்டான்.