கடைசியில் வைத்த ஒரத்தநாடு

என் அப்பா வைரக்கண்ணு எந்த இடத்திலும் தனக்கு வேண்டியதை முதலில் கேட்க மாட்டார். மாட்டுச்சந்தைக்குப் போனால் பிடிக்காத மாட்டின் பல்லைத்தான் முதலில் பிடித்துப் பார்ப்பார். மனசுக்குப் பிடித்த மாட்டின் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். தரகர் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு, "அது ஒண்ணு நிக்குதே, அதையாவது சொல்லுங்க, கேட்டுட்டுப் போவோம்" என்பார். கும்பகோணத்தில் ஜவுளி எடுக்கப் போனாலும் இதே கதைதான். அம்மாவோ நானோ ஆசைப்பட்ட புடவையைக் கையால் தொட்டுவிட்டால் வீடு வந்து சேரும்வரை திட்டு விழும். ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. ஊரில் அவரைக் கெட்டிக்காரர் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ப்ளஸ் டூ முடித்ததும் கால்நடை மருத்துவம் படிக்கிறேன் என்றேன். அப்பா மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரத்தநாடு காலேஜுன்னா படி. சனிக்கிழமை பஸ் ஏறினா வீட்டுக்கு வந்துடலாம். வேற ஊருன்னா பேச்சே எடுக்காத."

நான் ஆசைப்பட்டது சென்னை. பதினொன்றாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது அங்கே ஒரு கால்நடை மருத்துவமனையைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு, ஒரு குதிரையை அதட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள். அது அவளுக்குக் கட்டுப்பட்டு நின்றது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. வலங்கைமானில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் நான் வைரக்கண்ணு மகள். என்னை யாரென்றே தெரியாத ஒரு தெருவில் நடந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. சென்னை என்று வாயைத் திறந்தால் ஒரத்தநாடும் கைவிட்டுப் போய்விடும். அதனால் ஒரத்தநாடு என்றால் உயிர் என்பதுபோல வீட்டில் நடித்தேன்.

கலந்தாய்வு ஆன்லைனில்தான். கல்லூரிகளை நம் விருப்பப்படி மேலிருந்து கீழே அடுக்க வேண்டும். என் ரேங்குக்கு எது முதலில் இருக்கிறதோ அதுவே கிடைத்துவிடும் என்று விலங்கியல் டீச்சர் சொல்லியிருந்தார். முதல் நாளே மீரா உசேன் பாயின் நெட் சென்டருக்குப் போய் ஒரத்தநாட்டை மேலே வைத்து, மற்றதையெல்லாம் கீழே அடுக்கிவிட்டு வந்தேன். லாக் செய்வது மட்டும் பாக்கி. அதற்கு ஓ.டி.பி. வேண்டும். எனக்குப் போன் கிடையாது என்பதால் அப்பா நம்பரைக் கொடுத்திருந்தேன். கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு எல்லாம் மூடிவிடும். அப்பாவைக் கூட்டிப்போக நடவு வயலுக்குப் போனால், அவர் எனக்கு முன்பே கிளம்பிவிட்டார் என்றார்கள். பஸ் பிடித்துக் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

அப்பா கடைக்குள் காலில் சேறு காயாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீ சொன்னேன்னு அப்பா சொன்னாரு, அப்படியே மாத்திட்டேம்மா" என்றார் பாய். "லாக் பண்ணிட்டா அப்புறம் கை வைக்க முடியாது. ஒரு தடவ பாத்துக்க."

பார்த்தேன். முதலில் சென்னை. நடுவில் நாமக்கல், திருநெல்வேலி, இன்னும் என்னென்னவோ. கட்டக் கடைசியில் ஒரத்தநாடு.

அப்பா என் காதருகே குனிந்தார். "மேல போட்டா இதுக்குத்தான் அலையுதுன்னு தெரிஞ்சுக்குவாங்க. அப்புறம் இழுத்தடிப்பாங்க. கடைசில போட்டாக்க, போனாப் போகுதுன்னு தள்ளி விட்டுடுவாங்க. பாய்கிட்ட மூச்சு விடாத."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எது நமக்கு ஆகவே ஆகாதோ அதை அவர் முதலில் கேட்பார். அவருக்கு ஆகவே ஆகாதது சென்னை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

"சீக்கிரம்மா. இது ரொம்ப நேரம் தாங்காது. பண்ணட்டுமா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சீட் வந்துவிட்டால் அம்மா விட மாட்டாள், சொந்தக்காரர்கள் விட மாட்டார்கள், அப்பா முனகிக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். என்மேல் ஒரு குற்றமும் இல்லை. தலையை ஆட்டினேன்.

பாய் பொத்தானை அழுத்தினார். அப்பாவின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, போனை வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்தார். தன் மகளுக்கு ஒரத்தநாட்டை முடித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சென்னை என்று வந்தால், தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அவர் காலம் பூரா நினைத்துக்கொண்டிருப்பார். அதை நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

"நாலு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, சொல்லாதீங்க. முதல்ல இருக்கறதுதான் கெடைக்கும். கடைசில இருக்கறது கெடைக்காது."

அப்பா பாயைப் பார்த்தார். "அப்படியா பாய்?"

"ஆமாண்ணே. மேலேருந்துதான் கொடுப்பாங்க. நீங்க தெரிஞ்சுதான் மாத்தறீங்கன்னு நெனச்சேன்."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "அய்யய்யோ, மாத்துங்க பாய். ஒரத்தநாட்டை மேல ஏத்துங்க."

பாயின் கை மவுஸுக்குப் போனது. இதற்குமேல் ஒளிந்துகொள்ள இடமில்லை.

"வேணாம் பாய்" என்றேன். "எனக்குச் சென்னைதான் வேணும்ப்பா."

அப்பா போனை இறக்கினார்.

"எப்பலேருந்து?"

"பதினொண்ணாவதுலேருந்து."

"அப்ப ஒரத்தநாடு, ஒரத்தநாடுன்னு உயிர விட்டதெல்லாம்?"

"சும்மா."

"என்கிட்டயே பேரம் பேசியிருக்க."

யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் முகம் கோபமாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வேணாம்னிருப்பீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்றுமுடி ஏற்றிய டிராக்டர் ஒன்று கடைத்தெருவில் வழி கிடைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மணி ஆகுது. இது நின்னுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பாய்.

அப்பா திரும்பினார். "தனியா இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன்."

"பொய் சொல்லாத."

"பயமாத்தான் இருக்கு. ஆனா போகணும்ப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"பாய், ஒரத்தநாட்டை ரெண்டாவதா வைங்க."

"முதல்ல?"

"முதல்ல இருக்கறது இருக்கட்டும்."

பாய் என்னைப் பார்த்துவிட்டு மாற்றினார். பழைய ஓ.டி.பி. செத்துப்போயிருந்தது. இன்னொன்று வந்தது. அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். கடைசி எண்ணுக்கு வந்தபோது நிறுத்திவிட்டார். பாய் விரலைத் தூக்கியபடி காத்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே அந்த எண் எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

"ஒம்பது" என்றார் அப்பா.