கடலுக்கு ஏற்ற நூல்

தலையில் துணி மூட்டை ஏறிவிட்டால் கருணாகரனுக்குக் கழுத்து திரும்பாது. நேர் எதிரே எது இருக்கிறதோ அதுதான் கண்ணில் படும். அவன் வேலை செய்த ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைக்கு மூன்றாம் மாடியில் குடோன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், தொண்ணூற்றேழாம் வருஷம், ஒரு கம்ப்யூட்டர் கேம்ஸ் கடை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு நேராக ஒரு திரை. முதுகைச் சுவரில் சாய்த்து மூச்சு வாங்குகிற அரை நிமிஷமும் அவன் பார்வை அதில்தான் நிற்கும். அந்தத் திரைக்குள் ஒரு ரோடு போய்க்கொண்டே இருந்தது.

யாரோ கார் ஓட்டுகிறார்கள், யாரோ ஜெயிக்கிறார்கள். அதெல்லாம் அவனுக்குப் பெரிதில்லை. ரோடு வந்து வந்து காலுக்கு அடியில் புகுந்து போகும். படி கிடையாது, பாரம் கிடையாது. இருபது வருஷமாகப் படி ஏறிய காலுக்கு அதைப் பார்ப்பது பாதித் தூக்கம் போல இருந்தது. அங்கிருந்து மேலே ஏறும்போதும் கொஞ்ச நேரம் படிகள் தாமாகவே கீழே நழுவிப் போவதாகத் தோன்றும். உள்ளே போய் உட்கார்ந்து விளையாட மட்டும் வெட்கம். எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். இவன் மேலெல்லாம் சணல் தூசி.

வீடு மாம்பலம் ரயில் லைன் ஓரம். மனைவி சீதா புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைப்பவள். காலால் மிதிக்கிற மெஷின். அதற்கு மோட்டார் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒரு டப்பாவில் பணம் சேர்த்துக்கொண்டு வந்தாள். அந்த ரோட்டைப் பற்றி அவன் சொன்னபோது முதலில் சிரித்தாள். மூட்டை தூக்குகிறவனுக்குக் கார் கேட்கிறதா என்றாள். பிறகு தினமும் அவளே கேட்க ஆரம்பித்தாள். இன்று எதுவரை போனது, மலை வந்ததா, மழை பெய்ததா என்று. ஓரத்தில் ஏதோ மினுங்குகிறது, கடல்தான் போலிருக்கிறது என்று ஒரு நாள் சொன்னான். அன்றைக்கு அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறு வருஷம் தீபாவளி போனஸ் வந்தது. டப்பாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னாள்.

"மோட்டாரு எங்கயும் ஓடிடாது. ஆனா அந்தக் கடல நான் கலர்ல பாக்கணும். சொல்ட்டேன்."

பழைய சாமான் வாங்கி கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிற மெஹபூப் அலிக்கு பாண்டி பஜார் பின்சந்தில் ஒரே ஓர் அறை. தரையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கருணாகரன் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் என்று தெரிந்து, புடவை அட்டை ஒன்றின் பின்னால் எல்லாப் பெயரையும் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். கணக்குப் போடுகிற சில்லு, நினைவு வைக்கிற பட்டை, படத்தை வேகமாக ஓட்டுகிற கார்டு, சத்தத்துக்கு ஒரு கார்டு, டிஸ்க், பெட்டி, மானிட்டர். அவன் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். கையில் உள்ளதற்கு எல்லாமே நல்லதாக வராது, ஒன்றில் ஏறினால் இன்னொன்றில் இறங்க வேண்டும் என்றார் மெஹபூப் அலி.

முதலில் கலர் மானிட்டரை வைத்து, மீதிப் பணத்துக்கு வந்த மெதுவான சில்லைப் போட்டு, வேகக் கார்டு இல்லாமல் அந்தக் கார் விளையாட்டை ஓட்டிக் காட்டினார். ரோடு வந்தது. கலராகத்தான் வந்தது. ஆனால் நின்றது. ஓர் அடி போய் நின்றது, மறுபடி ஓர் அடி. பார்க்கப் பார்க்கக் கருணாகரனுக்குப் பிடரி வலித்தது. அவனே ஒவ்வொரு படியாக மூட்டையோடு ஏறுகிற மாதிரி இருந்தது.

நல்ல சில்லும் அந்தக் கார்டும் போட்டால் என்ன மானிட்டர் வரும் என்று கேட்டான். மூலையிலிருந்த கறுப்பு வெள்ளை மானிட்டரைக் காட்டிச் சிரித்தார் அவர். சும்மா மாட்டிப் பாருங்கள் என்றான். மாட்டினார். சாம்பல் நிற ரோடு, சாம்பல் நிற வானம். ஆனால் வழுக்கிக்கொண்டு போனது. கடையில் புதுப் பட்டுப் புடவையை உதறி விரித்தால் போகுமே, அப்படி. அவன் உடம்பு நின்ற இடத்திலேயே லேசானது.

"இந்தக் கார்ட போட்டுட்டு கறுப்பு வெள்ளைல பாக்குறேன்ற மொத ஆளு நீதான் நைனா. வூட்ல இன்னா சொல்லுவாங்க?"

"கலர நாள் பூரா தூக்குறேன் பாய். பாரமில்லாம போறதுதான் எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டானே தவிர, டப்பாப் பணத்தை இரண்டு தடவை எண்ணிய பிறகுதான் கொடுத்தான்.

தீபாவளிக்கு மறுநாள். கடைக்கு லீவு. உஸ்மான் ரோடே வெடிக் காகிதத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. பெட்டியை மெஹபூப் அலி ஸ்கூட்டரில் முன்னால் கொண்டு போனார். மானிட்டரைக் கருணாகரன் தலையில் வைத்து நடந்தான். பழக்கத்தில் கழுத்து இறுகிக்கொண்டது. அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தான். கலர் அப்புறம் வரும் என்று சொல்லலாம். ரிப்பேர் என்று சொல்லலாம்.

மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி, அந்த விளையாட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டு மெஹபூப் அலி கிளம்பிவிட்டார். சீதா முகம் கழுவிக்கொண்டு வந்து, பொட்டு வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கருணாகரன் விசையை அழுத்தினான், ரோடு கிளம்பியது. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

"கலரு எங்கய்யா?"

பொய் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. வாயில் வரவில்லை.

"கலரு வாங்கினா ரோடு நின்னு நின்னு போவுது சீதா. படி ஏர்ற மாதிரியே கீது. என்னால முடில. உன் மோட்டாரையும் சாப்ட்டு உன்ன ஏமாத்திட்டேன்."

அவள் எழுந்து போனாள். மெஷின் மிதிக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் நூல்கண்டு போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பா இருந்தது.

கடை விளக்கு வெளிச்சத்தை என்றைக்கும் நம்பாதவள் அவள். எந்தப் புடவை வந்தாலும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய், நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக மேலே வைத்துப் பார்த்துத்தான் ஊசியில் கோர்ப்பாள். இப்போதும் மேஜையை வாசல் பக்கம் திருப்பச் சொன்னாள். ஒரு கண்டை எடுத்துத் திரையின் கண்ணாடியில் வைத்தாள்.

"காரு இன்னா கலரு? அரக்கா?"

அரக்குதான் என்றான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். மண்ணுக்கு வெங்காயத் தோல், மலைக்குக் காப்பிக்கொட்டை. ஒவ்வொரு கண்டும் மானிட்டர் தலைமேல் ஏறி வரிசையாக நின்றது. ரயில் ஒன்று போனது. வீடு மெல்ல அதிர்ந்தது. அந்த அதிர்வில் ரோடும் ரயிலும் ஒரே பக்கமாகப் போவதுபோல் இருந்தது.

"கடலு?"

அவன் கண்ணை மூடிப் பார்த்தான். ரோடுதான் வந்தது. எத்தனை நூறு தடவை பார்த்திருப்பான். ஓரத்தில் மினுங்கியது, அவ்வளவுதான்.

"தெரிலம்மே. தலைல மூட்ட. கழுத்து திரும்பாது."

சீதா அவன் பிடரியைப் பார்த்தாள். பிறகு டப்பாவைக் கவிழ்த்து நீலத்தையும் பச்சையையும் மட்டும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்போ நானே பாத்துப் போட்டுக்கறேன். கரையாண்ட ராமர் பச்சை. தள்ளி மயில் கழுத்து. அதுக்கும் அந்தாண்ட..." ஒரு கண்டை வைத்தாள், வேண்டாம் என்று எடுத்தாள். "வண்டிய மெதுவா ஓட்டுய்யா. நான் இன்னும் கடல முடிக்கல."

அவன் விசையை அழுத்தியிருந்த விரலைத் தளர்த்தினான். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. கருணாகரன் கழுத்தைத் திருப்பி, அவள் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.