வரி அங்கி

வனவிலங்குக் காப்பகத்து வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் என் மனைவி வாவுதா ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். கிட்டத்தில் இருப்பது அவள் கண்ணுக்கு மங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி போட்டால் கிழவியாகிவிடுவேன் என்பாள். நூல் சிவப்பு. தைக்க வேண்டிய அங்கியோ வெள்ளைத் துணியில் கறுப்பு வரி போட்டது.

“கறுப்பு நூல் இல்லையா?”

“மக்தாவு நூலையா பாக்கப் போறான்? அவனுக்கு வேண்டியது பால். சும்மா கோத்துக் குடுங்க.”

கோத்துக் கொடுத்தேன். வாசல் பலகையில் உட்கார்ந்து, அங்கியில் அந்த வரிக்குதிரைக் குட்டி கடித்துக் கிழித்திருந்த பையைத் தைத்தாள். முடிச்சைப் பல்லால் அறுத்தாள். எழுந்து ஒரு கையை அங்கிக்குள் விட்டுக்கொண்டே சொன்னாள்:

“சாயங்காலம் தக்காளி வாங்கிட்டு வாங்க. பெரிசா வேண்டாம். போன தடவை அந்த வளைவுக்கடையில வாங்கினீங்களே, அத மாதிரி இல்லாம...”

அதற்குள் இன்னொரு கையும் உள்ளே போய்விட்டது. வாயை மூடிக்கொண்டாள். புருவத்தை உயர்த்தி, கண்ணாலேயே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படலைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கிக்குள் போனவர்கள் பேசக் கூடாது. அங்கியில் இருப்பவரை வெளியிலிருந்து யாரும் கூப்பிடவும் கூடாது. வரிக்குதிரைக் குட்டி வளர்க்கும் இடத்தில் அதுதான் முதல் விதி. குட்டியைப் பலர் முறைவைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் குட்டிக்குத் தாய் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் முகம் வேறு, குரல் வேறு. அதனால் முகத்துக்குப் பதில் வரியைக் காட்டி, குரலை அடக்கிக்கொண்டு, ஒரே அங்கியை எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். வாசனை மாறிவிடும் என்று அதைத் துவைப்பதில்லை. இன்னொன்று தைத்து வைப்பதுமில்லை. ஒரு மனிதரிடம் குட்டி ஒட்டிக்கொண்டால், அவர் வராத நாளில் பட்டினி கிடக்கும். பிறகு தன் இனத்தோடும் போய்ச் சேராது. காப்பகத்தின் மூத்த காவலன் கியாலோ புதிதாக வருகிறவர்களிடம் சொல்வான்: “அம்மான்னா அந்த அங்கிதான். நாமெல்லாம் உள்ள இருக்கற எலும்பு.”

மக்தாவு என்ற ஊரில் சிங்கம் தாயை அடித்த பிறகு இந்தக் குட்டி யாருடைய வெள்ளாட்டு மந்தைக்குள்ளோ வந்து நின்றிருந்தது. அதனால் அந்தப் பெயர். வாவுதா அதைப் பார்க்கப் போனவள்தான். மறுநாளிலிருந்து தினமும் போனாள். சம்பளம் கிடையாது. கற்றாழைநார்த் தோட்டத்தில் நான் எழுத்தர். அங்கே எல்லோருக்கும் இது விளையாட்டாகிவிட்டது.

“உன் பொண்டாட்டி கழுதைக்குக் கோடு போட்டு வளக்கறாளாமே?”

“கழுதைக்கு இல்ல, அவளுக்குத்தான் கோடு போட்டிருக்கு,” என்பேன்.

நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவள், அங்கிக்குள் அரைநாள் எப்படி வாய் மூடிக் கிடக்கிறாள் என்று எங்கள் மகள் மகம்புரி மொம்பாசாவிலிருந்து தொலைபேசியில் கேட்பாள். “அதுக்கும் சேத்துத்தான் வீட்டுக்கு வந்து பேசறா,” என்று சொல்வேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கியாலோ மோட்டார் சைக்கிளில் தோட்ட அலுவலகத்துக்கு வந்தான். இறங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“அண்ணே, அக்கா தூங்கறாங்கன்னு நெனச்சோம்.”

எனக்குப் புரியவில்லை. தூங்கினால் தூங்கட்டுமே என்று சொன்னேன். நான் அப்படித்தான் சொன்னேன்.

வேலியோரத்து வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். குட்டி மடியில் தலை வைத்துப் படுத்திருந்ததாம். பால் குடித்த பிறகு இருவரும் அப்படிக் கிடப்பது வழக்கம்தான். சமையற்காரப் பெண் தேநீரை வேலி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்து, ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றி வைத்திருக்கிறாள். கியாலோ பலமுறை அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறான். குட்டி எழுந்து, பால் புட்டி செருகிவைக்கும் அவளுடைய அக்குளை முட்டத் தொடங்கி, முட்டிக்கொண்டே இருந்தபோதுதான் படலைத் திறந்திருக்கிறான்.

“கூப்பிட்டுப் பாத்திருக்கலாம் அண்ணே. கூப்பிடக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிக்குடுத்ததே நான்தான்.”

இதயம் நின்றுவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வலித்திருக்குமா என்று கேட்டேன். “வலிச்சிருந்தா யாரையாவது கூப்பிட்டிருப்பாங்களே,” என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்காகச் சொன்னார். அவரிடம் அந்த விதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலித்தும் கூப்பிடாமல் இருந்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கியோடுதான் அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். பிணவறையில் அதைக் கழற்றி, மடித்து, அவள் அக்கா வாக்கியோவிடம் கொடுத்தார்கள். அடக்கத்துக்கு முந்தின நாள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தேவாலயத்துக்குப் போடுகிற நீல உடையை உடுத்திவிட்டு, அதன் மேல் அந்த அங்கியைப் போர்த்தியவளும் வாக்கியோதான்.

“இதப் போட்டுக்கிட்டுத்தான் சந்தோஷமா இருந்தா. இது அவகூடவே போகட்டும்.”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். மரப்பெட்டிக்குள் வரிவரியாகப் படுத்திருந்தாள். பார்த்தவர்கள் அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தார்கள்.

அடக்கத்தன்று காலையில் முற்றத்தில் பெரிய பானைகளில் கிமாங்கா கிண்டிக்கொண்டிருந்தார்கள். மரவள்ளியும் பயறும் அடிபிடிக்கும் வாசனை. கியாலோ மாமரத்தடியில் தனியாக நின்றான். தேநீர் கொடுத்ததை வாங்கவில்லை. அருகே போனேன்.

“என்னடா?”

“மக்தாவு அன்னிலேருந்து குடிக்கவே இல்லண்ணே. ஒரு படுக்கை விரிப்புல மையால கோடு போட்டுப் போத்திக்கிட்டுப் போனோம். மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிட்டான். வாசலையே பாத்துக்கிட்டு நின்னான். இன்னிக்கு எழுந்திரிக்கல.”

அவன் சொல்லி முடிக்கும்வரை எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். எனக்கு இதமாக இருந்தது. என்னைப் போல இன்னொரு உயிரும் சாப்பிடாமல் கிடக்கிறது. வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. அவளை அதற்குத் தெரிந்திருக்கிறது.

“அந்த அங்கி...” என்று கியாலோ தொடங்கினான்.

பின்னால் வாக்கியோ வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

“பொணத்து மேல கெடக்கற துணிய உருவிக்கிட்டுப் போக வந்தியா நீ?”

“இல்லக்கா. கேக்கத்தான் வந்தேன். இல்லன்னு சொன்னா போயிடறேன்.”

“கழுதைக்குப் பால் குடுக்கப் போயித்தான் என் தங்கச்சி செத்தா.”

“கழுதை இல்லக்கா, வரிக்...”

“தெரியும்டா எனக்கு.”

பானை கிண்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மகம்புரி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கியாலோவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“பொழுது சாயற வரைக்கும் தாங்காதும்மா.”

அவள் உள்ளே போனாள். பெட்டியின் மூடியை இன்னும் அறையவில்லை. திரும்பி வரும்போது அங்கி மடிப்பாக அவள் கையில் இருந்தது. கியாலோ கையை நீட்டினான். அவள் என்னிடம் கொடுத்தாள்.

“நீங்களே போய்ட்டு வாங்கப்பா. நாங்க காத்திருக்கோம்.”

வாக்கியோ அப்படியே தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். மனைவியின் அடக்கத்தை நிறுத்திவைத்துவிட்டு, இன்னொருவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, வரிக்குதிரைக்குப் பால் கொடுக்கப் போனேன்.

குட்டி படலுக்கு உட்புறம் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. நான் அங்கிக்குள் கைகளை விட்டேன். தோள் இறுக்கிப் பிடித்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடை. அதற்கடியில் பால், சாணம், பலருடைய வியர்வை. அவளுடைய தேங்காயெண்ணெய் வாசனையைத் தேடினேன். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கியாலோ பால் புட்டியை என் அக்குளில் செருகிவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்.

என்ன நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நெருங்கி வரும். மோந்து பார்க்கும். அவள் இல்லை என்று கண்டுகொண்டு திரும்பிப் படுத்துவிடும். அது சாகக் கூடாது என்றுதான் வந்திருந்தேன். ஆனால் ஒரு கணமாவது அது தயங்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

அது தயங்கவில்லை. அங்கியைக் கண்டதும் காதுகள் நிமிர்ந்தன. முன்னங்கால்களை ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றி எழுந்தது. நடுங்கும் கால்களோடு நேராக என்னிடம் வந்து அக்குளுக்குள் தலையை நுழைத்தது. என் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அந்தச் சின்ன வால் அடித்துக்கொண்டது. பால் இறங்கும் சத்தம் என் விலாவில் கேட்டது.

யாரோ என் கன்னத்தில் அறைந்தது போல நின்றேன். அது அவளைத் தேடிப் பட்டினி கிடக்கவில்லை. இந்தத் துணிக்காகக் கிடந்தது. இத்தனை காலம் மடியில் படுக்கவைத்து வளர்த்தவளை அதற்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவள் தினமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் இருந்ததே தெரியாத அளவுக்கு அதைச் செய்து முடித்திருந்தாள். கடைசி நிமிஷம் வரைக்கும்.

சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. அங்கியில் இருந்ததால் முடியவில்லை.

பால் தீர்ந்ததும் குட்டி தலையைத் தாழ்த்தி, பையின் ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்தது. விட்டுவிட்டேன். இழுக்கட்டும்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். நீல உடையோடு அவளை அடக்கம் செய்தோம். குழிமேட்டிலிருந்து திரும்பும்போது வாக்கியோ என் பக்கத்தில் வந்து நடந்தாள்.

“குடிச்சுதா தம்பி?”

“குடிச்சுது மதினி.”

தோளில் கிடந்த துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“அவளத் தேடுச்சா?”

“தேடுச்சு,” என்றேன்.

மக்தாவு வளர்ந்து, மழைக்குப் பிறகு குட்டைக்கு வந்த ஒரு கூட்டத்தோடு போய்விட்டான். அந்தக் கூட்டம் இப்போதும் வருகிறது. அதில் அவன் எது என்று எனக்குத் தெரியாது. கியாலோ காட்டுவான், தலையை ஆட்டுவேன். காலை முறையை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது வேறொரு குட்டி இருக்கிறது, பெண். அதுவும் பையைத்தான் கடிக்கிறது. அங்கியில் எத்தனையோ இடம் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருக்கிறார்கள். சிவப்புத் தையல் இன்னும் பிரியவில்லை.